குடத்தில் கை விட்ட சிறுவன்

மழை குறைந்த ஆண்டுகளில், சித்திரை முடிவதற்குள் உத்திரமேரூர் ஏரியின் ஓரங்கள் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு அதுதான் ஸ்டேடியம். மூன்று சவுக்குக் கொம்பு, நூல் சுற்றிய மட்டை, ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வாங்கிய டென்னிஸ் பந்து. என் அக்கா மகன் ஆட்டம் கற்றது அங்கேதான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். இடது கையால் வேகமாக வீசுவான். போன கோடையில் கரையில் நின்று பார்த்த யாரோ ஒருவர், “இவனை லெதர் பாலுக்குக் கொண்டுபோங்க, நடராஜன் மாதிரி வருவான்” என்று சொல்லிவிட்டு பைக்கில் போய்விட்டார். அன்று இரவே அக்காவிடமிருந்து போன்.

“நீதான் பேப்பர்ல எழுதறவனாச்சே. எந்த டீம்ல சேத்தா புள்ள முன்னுக்கு வருவான்னு விசாரிச்சுச் சொல்லுடா.”

விசாரித்தேன். இரண்டு மாதத்தில் நான்கு இடங்களுக்குப் போய் வந்தேன். நம் ஊரில் ஒன்றுக்குப் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டுப் பள்ளியில் சேர்க்கிற பெற்றோர், விளையாட்டு என்று வந்துவிட்டால் ஒரு ஃப்ளெக்ஸைப் பார்த்தே பணம் கட்டிவிடுகிறார்கள்.

அப்படியொரு ஃப்ளெக்ஸ், முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிரிக்கெட் அகாடமி வாசலில் தொங்கியது. தோனி படம், பக்கத்தில் பயிற்சியாளர் படம். தோனியைவிடப் பயிற்சியாளர் பெரிதாக இருந்தார். ‘தகுதித் தேர்வு, குறைந்த இடங்களே உள்ளன’ என்று எழுதியிருந்தது. தேர்வுக்குக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். அன்று காலை வந்திருந்த பிள்ளைகளை எண்ணினேன், இருபத்திரண்டு பேர். மாலையில் வாட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியலிலும் இருபத்திரண்டு பெயர்கள். அதில் ஒரு பையன் பந்தையே தொடவில்லை. வயிற்றுவலி என்று புங்கமரத்தடியில் படுத்திருந்தான். அவனும் தேர்வாகியிருந்தான்.

தேர்வில் யாரும் தோற்காதது நல்லதுதானே என்று கேட்கலாம். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற இடம் எனக்குப் பிடிக்கும். எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, ‘பொறுக்கி எடுத்தோம்’ என்று பெற்றோரிடம் சொல்கிற இடம்தான் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் சும்மா வந்து பார்க்கட்டும் என்று கேட்டு, பையனை அனுப்பினோம். நானும் போய் வலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு வலை. நம் பையன் முக்கால் மணி நேரம் வீசினான். எதிரே ஆடியவர்கள் எல்லாரும் அவனைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்கள், தனிப் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் கட்டியவர்கள். இவனுக்கு மட்டை பிடிக்கக் கிடைத்தது ஆறு பந்து. மூன்றாம் நாளும் அதே கணக்குதான். வேகமாக வீசுகிற கிராமத்துப் பையன் இப்படிப்பட்ட இடத்துக்குக் கிடைத்தால், அவனுக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லிக் கட்டணமும் வாங்கலாம், மற்றவர்களுக்கு அவனை வைத்தே பயிற்சியும் கொடுக்கலாம். வலைக்குப் பின்னால் நின்று பாராத பெற்றோருக்கு இது தெரியவே தெரியாது. அணியைத் தேடும் எவருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: கோப்பை அலமாரியைப் பார்க்காதீர்கள். ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிள்ளை எத்தனை நிமிடம் ஆடுகிறான், எத்தனை நிமிடம் நிற்கிறான் என்று பாருங்கள்.

இதை எழுதும் ஊர் உத்திரமேரூர் என்பதால் ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறேன். ஒருவரைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சுவரில் வெட்டிவைத்த ஊர் இது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919-லும் 921-லும் பொறித்தவை. பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் தேர்தல்; குடவோலை என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தார்கள். வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு வருகிறவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். இதற்கு முன் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. அந்தச் சபையைச் சனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் புகழ்வது ஒரு பக்கம் இருக்கட்டும். நிலமும் வேதமும் இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. குடத்தில் கை விடுவதற்கு முன்பே பாதி ஊர் தேர்விலிருந்து வெளியே நின்றது. இன்றைக்கு லெதர் பால் கிட் வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளை நிற்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

ஆனாலும் கணக்கு பற்றிய அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சேர்க்கை 5,000. மாதக் கட்டணம் 1,800. வேன் 1,200. மட்டை, பேட், கிளவுஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்த கிட் 9,000. அந்தப் பை பையனைவிட உயரம். முதல் ஆண்டுக்கு ஐம்பதாயிரம். இதில் போட்டிக் கட்டணமும் வெளியூர்ப் பயணமும் சேரவில்லை. அத்தான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று மாதச் சம்பளம் அது. “மேட்ச் ஃபீஸ்னு தனியா கேப்பாங்களாமே, அது எவ்ளோ?” என்று அகாடமியில் கேட்டபோது, “அது அப்பப்போ வரும், பார்த்துக்கலாம்” என்றார்கள். ஆண்டு முழுக்க என்னென்ன செலவு என்று ஒரு தாளில் எழுதித் தராத இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் அப்படித்தான் முடிவெடுத்தது.

அடுத்தது சான்றிதழ். இதைப் பற்றித்தான் நம் பக்கத்துப் பெற்றோரிடம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. ‘நேபாளத்தில் நடைபெற்ற சர்வதேசப் போட்டியில் தங்கம் வென்ற’ என்று தொடங்கும் வாழ்த்துப் பதாகை இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். பிள்ளை உண்மையாகவே உழைத்திருப்பான். பெற்றோர் நகையை அடகு வைத்து அனுப்பியிருப்பார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், போட்டியை நடத்திய அமைப்பு யாருடைய அங்கீகாரம் பெற்றது என்று கேட்டால் பதில் வராது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் சேர்க்கையில் அவர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் போட்டியா, பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டியா என்பதுதான் அங்கே கேள்வி; எத்தனை நாடு தாண்டிப் போனான் என்பது அல்ல. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று அரசுப் பள்ளிப் பிள்ளை படிப்படியாகப் போகும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அந்தப் பாதையில் கிடைக்கும் தாளுக்கு, அடகு வைத்த நகையில் வாங்கிய தாளைவிட மதிப்பு அதிகம். அணியைச் சேர்ந்தவர்களிடம் கேளுங்கள்: “நீங்க எந்த சங்கத்துல பதிவு? அந்த சங்கம் எதுல இணைஞ்சிருக்கு?” கேட்டதும் முகம் மாறினால், பேருந்து ஏறிவிடலாம்.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். அவன் பையனும் இதே வயதுதான், பேஸ்பால் ஆடுகிறான். அங்கே ஊர் லீகில் ஆடுவது ஒன்று. ‘டிராவல் டீம்’ என்பது வேறு. பின்னதில் வார இறுதி முழுக்க ஊர் ஊராகக் காரில் போய், ஹோட்டலில் தங்கி, ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம். வீடியோ காலில் என் கவலையைச் சொன்னபோது சிரித்துவிட்டான். “அண்ணே, உங்க அக்கா கேக்கறதத்தான் இங்க எல்லா அம்மாவும் கேக்கறாங்க. எந்த டீம், எந்த கோச், எவ்ளோ டாலர்.” நாம் இப்போதுதான் நுழைகிற சந்தையில் அவர்கள் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த விலையையாவது நாம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த விலை முழங்கையில் தெரிகிறது. 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற தொழில்முறை பேஸ்பால் வீச்சாளருக்கு முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்துபோனபோது, வேறிடத்துத் தசைநாணை எடுத்து அங்கே பொருத்தினார். முதிர்ந்த வீரர்களுக்கென்று பிறந்த அறுவைச் சிகிச்சை அது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் இதைச் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 15 முதல் 19 வயதுக்காரர்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது. ஆண்டு முழுக்க ஒரே ஆட்டம், ஒரே வீச்சு, ஒன்றுக்கு இரண்டு அணி. வளர்ந்து முடியாத மூட்டு எவ்வளவுதான் தாங்கும்? 2007-இல் சிறுவர் பேஸ்பால் நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு, ஒரு பையன் ஒரு நாளில் இத்தனை பந்துதான் எறியலாம் என்று எண்ணிக்கை வரம்பு கொண்டுவந்தது. 2014-இல் தொழில்முறை வீரர்கள் ஆடும் பெரிய லீகே (மேஜர் லீக் பேஸ்பால்) வயதுவாரியாக வழிகாட்டல் வெளியிட்டது. 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து. அறுபத்தாறை எட்டினாலே நான்கு நாள் ஓய்வு.

எண்பத்தைந்து பந்து என்றால் நம் கணக்கில் பதினான்கு ஓவர். ஆட்டம் வேறு, கை ஓடும் விதம் வேறு. இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. கிரிக்கெட்டில் வேகப் பந்துவீச்சாளனுக்கு முதலில் போவது கீழ் முதுகு. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் நடைமுறையில் வைத்திருந்த வழிகாட்டலில், பதின்மூன்று வயது வரை தொடர்ந்து ஐந்து ஓவர், நாள் முழுக்கப் பத்து ஓவர், அவ்வளவுதான். நம் பையன் முக்கால் மணி நேரம் வலையில் வீசிய அன்று நான் சும்மா இருக்க முடியாமல் எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பத்துப் பந்துக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது பேருந்தில், ஜன்னல் கம்பியைப் பிடிக்க அவன் வலது கையை நீட்டினான். இடது கை மடியில் கிடந்தது. “வலிக்குதாடா?” “இல்ல மாமா.” வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த நாள் பந்து கிடைக்காது என்பது பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீச விடுவீங்க? யார் எண்ணுவாங்க?”

நடராஜன் பெயரைச் சொல்லித்தானே இந்தக் கதையே தொடங்கியது? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த அவர் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். பன்னிரண்டு வயதில் எந்த அகாடமிக்கும் ஐம்பதாயிரம் கட்டவில்லை. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் போட்டி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பின்னர் சொந்த ஊரிலேயே பிள்ளைகளுக்கென்று மைதானம் அமைத்தார், 2023-இல் திறந்தார்கள். வருண் சக்கரவர்த்தி பதினேழு வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடக் கலை படிக்கப் போனவர். விட்டபோது விக்கெட் கீப்பர். திரும்பி வந்து வேகம் வீசினார். முழங்கால் காயத்துக்குப் பிறகுதான் சுழலுக்கு மாறினார். 2024 டிசம்பரில் 537 டெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வு பெற்ற அஸ்வின் சிறுவனாக இருந்தபோது தொடக்க ஆட்டக்காரர். பத்து வயதிலேயே ‘இவன் இதுக்குத்தான்’ என்று முத்திரை குத்தி, வேறெதையும் ஆடவிடாத அணியிடம் வருணோ அஸ்வினோ சிக்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

பேஸ்பாலிலேயே இன்னும் வேடிக்கையான ஒன்று உண்டு. 2008-இல் இந்தியா முழுக்க ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு போட்டி நடத்தி, வேகமாக எறிகிற பையன்களைத் தேடினார்கள். தேறியவர்கள் உத்தரப் பிரதேசத்துக்காரர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவர். இரண்டு பேருமே ஈட்டி எறிபவர்கள். பேஸ்பாலைப் பார்த்ததே கிடையாது. அந்த ஆண்டு நவம்பருக்குள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தமானார்கள். பெரிய லீகின் முதன்மை ஆட்டத்தை இருவரும் எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால், ஓர் ஆட்டத்தில் பழகிய கை இன்னோர் ஆட்டத்துக்குப் போய்ச் சேரும். சின்ன வயதில் எல்லாவற்றையும் ஆடவிடுகிற அணி வீணான அணி இல்லை.

கிரிக்கெட்டையே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. மாலை ஆறரைக்கு நம் ஒன்றியத்துக் கிராமங்களில் ஒரு சுற்று வந்து பாருங்கள். எங்காவது ஒரு கோயில் திடலில் டியூப்லைட் எரியும், சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடியோ வாலிபாலோ நடக்கும். கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் முடித்து இறங்கிய அண்ணன்கள், சட்டையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் காலைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. கெட்ட வார்த்தை கொஞ்சம் காதில் விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா அப்படியொரு குடியிருப்புக் குழுவிலிருந்துதான் வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணிக்குத் துணைத் தலைவி. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர்ப் பையன் அபினேஷ். இருவருக்கும் அரசு தலா 25 லட்சம் கொடுத்தது.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. தடகளம், கபடி, கையுந்துபந்து, கால்பந்து, வளைகோல்பந்து என்று பட்டியல் நீளம். அங்கே தேர்வு என்றால் உண்மையிலேயே தேர்வு. பலர் திரும்பி வருவார்கள். இதைப் பற்றிக் கேள்விப்படாத பெற்றோர் ஐம்பது கிலோமீட்டருக்குள் எத்தனையோ பேர். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டாலே தேதி தெரியும். கேட்பதற்குத்தான் யாரும் போவதில்லை. பி.டி. மாஸ்டர் என்றால் பிரேயரில் விசில் ஊதுகிறவர் என்று நினைத்துவிட்டோம்.

பெண் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கும், ஆண் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்தே ஒன்று. 2021-இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். பதக்கம் வாங்கித் தருகிறவர் என்று பெயரெடுத்தவர். பயிற்சியைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லாத இடம், வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் பொறுப்பாளரை அனுப்பாத இடம், எத்தனை கோப்பை வைத்திருந்தாலும் வேண்டாம். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

குடவோலைக் கல்வெட்டில் நான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்த ஒரு செய்தி உண்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போட்ட பிறகு, சபையிலிருந்த பெரியவர் எவரும் கை விட்டு எடுக்கவில்லை. எதையும் பிரித்தறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். நானும் அக்காவும் அத்தானும் இரண்டு மாதம் பேசினோமே தவிர, அவனிடம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். நான்கு இடத்தையும் சொல்லி, எதுடா வேணும் என்றேன்.

“அங்க என் கூட யாரு வருவா மாமா?”

நான் விசாரித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை. அகாடமிக்குப் போனால் அவன் ஊர்ப் பையன் ஒருவனும் வர முடியாது, ஐம்பதாயிரம் இல்லை. இப்போது அவன் பள்ளி அணியில் இருக்கிறான். உடற்கல்வி ஆசிரியர் வாலிபாலும் ஆடச் சொல்கிறார்; உயரம் வருகிறதாம். ஞாயிறு மட்டும் ஏரிக்குள் டென்னிஸ் பந்து. அடுத்த கோடையில் விடுதித் தேர்வுக்கு அழைத்துப் போவதாக அத்தான் விடுப்பு சொல்லி வைத்திருக்கிறார். முக்கால் மணி நேர வீச்சு நின்றுவிட்டதால் கை வலி போய்விட்டது என்று இப்போதுதான் ஒப்புக்கொள்கிறான்.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று கிரிக்கெட் மட்டையிலிருந்து வாலிபால் வரை அரசு ஊராட்சிகளுக்கு அனுப்பியிருக்கிறது. நான் போன ஓர் ஊராட்சியில் அது அலுவலக அலமாரிக்குள், பிரிக்காத அட்டைப் பெட்டியாகவே இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். உங்கள் ஊரில் அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று இந்த வாரம் பார்த்துவிடுங்கள். பள்ளி விட்டு நான்கரை மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அந்த நேரத்தில் அலமாரி திறந்திருக்க வேண்டும்.